ஒரு மாதத்துக்குச் சதுக்கம் யாருடையது? ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் சந்தைகளைச் சுற்றிய குழப்பம்

நவம்பர் பிறந்தால் சமூக வலைதளங்களில் ஒரு செய்தி தவறாமல் சுற்றத் தொடங்கும்: "பயங்கரவாத அச்சத்தால் ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் சந்தைகளை மூடுகிறார்கள்." 2025இல் அது வழக்கத்தைவிட உரக்கக் கேட்டது. கொலோன் அருகேயுள்ள ஓவராட் என்ற சிறு நகரம் அந்த ஆண்டுச் சந்தையைக் கைவிட்டது உண்மைதான். ஆனால் அதே பருவத்தில் நியூரம்பெர்க்கில் சந்தை நடந்தது, டிரெஸ்டனில் நடந்தது, முந்தைய ஆண்டுத் தாக்குதலில் ஆறு பேரைப் பறிகொடுத்த மக்டேபர்க்கிலும் நடந்தது. ஓவராட்டில் யாரும் சந்தைக்குத் தடை போடவில்லை. பாதுகாப்புச் செலவை ஏற்பாட்டாளர் கொடுப்பதா, நகராட்சி கொடுப்பதா என்பதில் உடன்பாடு வரவில்லை. சந்தை நின்றது அதனால்தான்.

அச்சத்தைப் பற்றிய செய்தியாக மட்டும் படித்தால் இது பிடிபடாது. எல்லோருக்கும் பொதுவான ஓர் இடத்தை ஒரு மாதத்துக்கு யார் எடுத்துக்கொள்கிறார், எந்த உரிமையில், எந்தப் பொறுப்போடு என்ற கணக்காகப் பார்த்தால் முடிச்சு அவிழும்.

## ஒரு நாள் சந்தை ஒரு மாதம் ஆன கதை

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய பருவத்தைத் திருவருகைக் காலம் என்பார்கள். ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் சந்தைகள் இந்தப் பருவத்துக்கு உரியவை. மரத்தடுப்புக் கடைகள், இஞ்சி ரொட்டி, சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாம், சாசேஜ், மசாலா சேர்த்துச் சூடாக்கிய 'குளூவைன்' என்ற சிவப்பு ஒயின். ஒயின் கோப்பைக்கு டெபாசிட் வாங்குவார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பி வரும்.

டிரெஸ்டன் நகரின் 'ஸ்ட்ரீட்சல்மார்க்ட்' 1434இல் சாக்சனி ஆட்சியாளர் இரண்டாம் ஃபிரீட்ரிக்கின் அனுமதியோடு தொடங்கியது. அன்று அது ஒரே ஒரு நாள் சந்தை. கிறிஸ்துமஸ் விருந்துக்கான இறைச்சியை முதல் நாள் வந்து வாங்கிப் போவார்கள், அத்தோடு முடிந்தது.

ஒரு நாள் சந்தையால் சதுக்கத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. மறுநாள் காலையில் கூட்டிப் பெருக்கினால் பழைய இடம் திரும்பக் கிடைக்கும். நான்கு வாரச் சந்தை வேறு கதை. கடைகளை நிறுத்தவும் மின்கம்பி இழுக்கவும் தண்ணீர் இணைப்புக் கொடுக்கவும் முன்னால் சில நாட்கள் வேண்டும். எல்லாவற்றையும் பிரித்து எடுக்கப் பின்னால் சில நாட்கள் வேண்டும். ஆண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு காலம் அந்த இடம் வேறொரு இடமாகிவிடுகிறது. இன்றைய வழக்குகளும் வாக்குவாதங்களும் இந்த நீட்சியிலிருந்து வந்தவை.

## சட்டம் சதுக்கத்தை எப்படிப் பார்க்கிறது?

மூன்று சொற்கள் புரிந்தால் போதும்.

1. பொதுப் பயன்பாடு. சாலை, நடைபாதை, சதுக்கம் ஆகியவற்றை யாரும் அனுமதி கேட்காமலும் காசு கொடுக்காமலும் பயன்படுத்தலாம். நடக்கலாம், நிற்கலாம், யாருக்காகவாவது காத்திருக்கலாம். ஜெர்மன் மொழியில் இதைக் 'கெமைன்கெப்ரவுக்' என்பார்கள். நிலம் நகராட்சியின் பெயரில் இருக்கும். புழங்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

2. சிறப்புப் பயன்பாடு. மேசை போடுவது, மேடை கட்டுவது, கடை விரிப்பது எல்லாம் அந்த அளவைத் தாண்டியவை. அவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும், பெரும்பாலும் கட்டணமும் உண்டு. இது 'சோண்டர்நுட்சுங்'. அனுமதி பெற்றவர் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆவதில்லை. ஆனால் அந்த நாட்களுக்கு மற்றவர்களின் புழங்கும் உரிமை சுருங்குகிறது.

3. சந்தையாக நிர்ணயிப்பது. தொழில் ஒழுங்குச் சட்டத்தின்படி ஒரு நிகழ்ச்சியை அதிகாரபூர்வச் சந்தையாக நிர்ணயிக்கலாம். அப்படிச் செய்தால் கடைகளுக்கான சில கட்டுப்பாடுகள் தளரும். பதிலுக்கு அச்சட்டத்தின் 70ஆம் பிரிவு ஒரு நிபந்தனை வைக்கிறது: அந்த வகைச் சந்தைக்குப் பொருத்தமான எந்த வியாபாரிக்கும் பங்கேற்கும் உரிமை உண்டு. ஏற்பாட்டாளர் ஒருவரை விலக்கினால் அதற்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும். இடம் போதாமை அப்படி ஒரு காரணம்.

எல்லாச் சண்டையும் 'இடம் போதாமை' என்ற இந்த இரண்டு சொற்களில்தான் தொடங்குகிறது. பெயர் பெற்ற சந்தை என்றால் கடைகளைவிட விண்ணப்பங்கள் எப்போதும் அதிகம். "தெரிந்தவர், பல ஆண்டு நன்றாக நடத்திக் காட்டியவர்" என்ற அளவுகோலைப் பல நகரங்கள் வைத்திருக்கின்றன. அதை ஏற்கும் நீதிமன்றங்கள், புதியவருக்கும் நிஜமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்கின்றன. தாத்தா நிறுத்திய கடை பேரனுக்குத் தானாக வந்துவிடக் கூடாது என்பது இதன் பொருள். நடைமுறையில் பல குடும்பங்களுக்கு அது வந்துகொண்டுதான் இருக்கிறது.

## நியூரம்பெர்க்: ஒரு சதுக்கத்தின் அடுக்குகள்

சந்தை என்றதும் உலகம் நினைக்கும் படம் நியூரம்பெர்க்குடையது. நகர மையத்தில் 'ஹவுப்ட்மார்க்ட்' சதுக்கம், ஒரு மூலையில் 'அழகிய நீரூற்று' என்று பெயர் பெற்ற கோபுர ஊற்று, கிழக்கே அன்னை மரியாள் தேவாலயம். அதன் முன்னே ஏறத்தாழ 180 மரக்கடைகள், மேலே சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணி. மரத்தாலும் துணியாலும் ஆன குட்டி ஊர் என்று உள்ளூரில் இதைச் செல்லமாகச் சொல்வார்கள். ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் பேர் வந்துபோகிறார்கள்.

இந்தச் சதுக்கம் எப்படி உண்டானது என்பதைச் சுற்றுலாப் பயணிகளில் பலர் அறிவதில்லை. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே யூதர்களின் குடியிருப்பு இருந்தது. அந்த வீடுகளை இடித்துவிட்டுச் சந்தைத் திடல் அமைக்க நான்காம் கார்ல் அரசர் 1349இல் அனுமதி கொடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த படுகொலையில் 562 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். தொழுகைக்கூடம் நின்ற இடத்தில் எழுந்ததுதான் அன்னை மரியாள் தேவாலயம். இன்று எல்லோருக்கும் பொதுவான இந்தச் சதுக்கம், ஒரு சமூகத்தைத் துடைத்தெடுத்த இடத்தில் உருவானது.

கிறிஸ்துமஸ் சந்தைக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று 1628ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு மரப்பெட்டி. அதன் அடியில் உள்ள எழுத்து அது இந்தச் சந்தையையொட்டி அனுப்பிய பரிசு என்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முடிவில் சந்தையின் மவுசு குறைந்து நகரின் வேறு மூலைகளுக்குப் போனது. 1933இல் அதை ஆடம்பரத் தொடக்க விழாவோடு மீண்டும் நடுச் சதுக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் நாஜிகள். அப்போது சதுக்கத்தின் பெயரே அடால்ஃப் ஹிட்லர் சதுக்கம். போரில் நகரம் தரைமட்டமாகி, 1948இல் இடிபாடுகளுக்கு நடுவே சந்தை மறுபடி திறந்தது. "பாரம்பரியம்" என்ற சொல்லைச் சந்தை விளம்பரங்களில் பார்க்கும்போதெல்லாம் இந்த 1933 எனக்கு உறுத்தும். சந்தை பழையது, அதன் ஆடம்பரத் தொடக்க விழா அவ்வளவு பழையதல்ல.

ஒவ்வோர் ஆண்டும் பொன்னிற ஆடையும் முடியும் அணிந்த ஓர் இளம்பெண் 'கிறிஸ்ட்கிண்ட்' என்ற குழந்தை கிறிஸ்து வேடத்தில் தேவாலய மாடத்தில் நின்று சந்தையைத் திறந்துவைப்பார். 2019இல் அந்தப் பொறுப்புக்குத் தேர்வானவர் பெனிக்னா முன்சி. அவருடைய தந்தை இந்தியாவிலிருந்து வந்தவர். வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டியின் ஓர் உள்ளூர்ப் பிரிவு, "ஒருநாள் நமக்கும் செவ்விந்தியர்களின் கதிதான்" என்ற பொருளில் பதிவு போட்டது. இந்தியரையும் அமெரிக்கப் பழங்குடியினரையும் போட்டுக் குழப்பிய பதிவு அது. கடும் எதிர்ப்பு வந்ததும் நீக்கிவிட்டார்கள். சதுக்கம் யாருடையது என்ற கேள்வியில் கடை வாடகைக் கணக்கு ஒரு பாதி. நகரத்தின் முகமாக அந்த மாடத்தில் யார் நிற்கலாம் என்பது இன்னொரு பாதி.

நிர்வாகத்துக்கு வருவோம். நியூரம்பெர்க்கில் சந்தையை நடத்துவது நகராட்சியின் சந்தைத் துறையே. யாருக்குக் கடை, எதை விற்கலாம், எப்படி அலங்கரிக்கலாம் என்பதெல்லாம் அதன் கையில். பிளாஸ்டிக் தோரணம் கூடாது, ஒலிநாடாப் பாட்டைப் போட்டு அலறவிடக் கூடாது. அழகான கடைகளுக்கு உலர்ந்த பிளம் பழத்தால் செய்த பொம்மையின் பெயரில் தங்கம், வெள்ளி, வெண்கலப் பரிசு உண்டு. இந்தக் கறார் இல்லாமல் அந்தச் சதுக்கம் அப்படித் தோற்றமளிக்காது. இதற்காக மற்ற மாதங்களில் அங்கே காய்கறியும் பூவும் விற்கும் கடைக்காரர்கள் இடம் மாறிப் போக வேண்டியிருக்கிறது என்பதும் இதே ஏற்பாட்டின் பகுதி.

## நகராட்சி கைகழுவ முடியுமா? ஆஃபன்பாக் வழக்கு

சந்தை நடத்துவது தொல்லை பிடித்த வேலை. தேர்வு, புகார், குப்பை, வழக்கு. எனவே பல நகரங்கள் அதைத் தனியாரிடமோ வணிகர் சங்கத்திடமோ கொடுத்துவிடுகின்றன. பிராங்க்ஃபர்ட்டுக்குப் பக்கத்திலுள்ள ஆஃபன்பாக் நகரமும் அப்படிச் செய்தது. இடம் மறுக்கப்பட்ட ஒரு வியாபாரி நீதிமன்றம் போனார். "சந்தை இப்போது எங்களுடையதல்ல" என்பது நகரத்தின் பதில்.

2009 மே மாதம் ஜெர்மனியின் உச்ச நிர்வாக நீதிமன்றமான கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் இந்தப் பதிலை ஏற்கவில்லை. தீர்ப்பின் சாரம் இது:

1. உள்ளூர் விவகாரங்களைத் தம் பொறுப்பில் நடத்தும் உரிமையை அரசியலமைப்பு நகராட்சிகளுக்குக் கொடுத்திருக்கிறது.
2. சமூகம், பண்பாடு, மரபு சார்ந்து வளர்ந்த கிறிஸ்துமஸ் சந்தை அப்படியொரு உள்ளூர் விவகாரம்.
3. எனவே நடத்தும் வேலையைத் தனியாரிடம் விடலாம். கட்டுப்படுத்தும் அதிகாரத்தை முழுமையாக விட்டுவிட முடியாது.

சட்ட அறிஞர்கள் பலர் இந்தத் தீர்ப்பைக் கடுமையாக விமர்சித்தார்கள். உரிமையாகக் கொடுத்ததை நீதிமன்றம் கடமையாக மாற்றிவிட்டது என்பது அவர்கள் வாதம். அதில் தர்க்கம் இருக்கிறது. என்றாலும் சதுக்கத்தின் பக்கம் நின்று பார்த்தால் தீர்ப்பு சரியென்றே படுகிறது. நகராட்சி முழுவதும் விலகினால் கடை கிடைக்காதவர் யாரிடம் போய்க் கேட்பார்? ஒயின் கடை மட்டும் பெருகிக் கைவினைக் கடை மறைந்தால் யார் தட்டிக் கேட்பது? வாக்குப் போட்டு மாற்றக்கூடிய ஒருவர் கையில் கடைசிச் சாவி இருக்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பு ஒன்றைச் சொல்லவில்லை: கட்டுப்பாடு உன்னுடையது என்றால் செலவும் உன்னுடையதா?

## பாட்டுக்கும் சதுர மீட்டர் கணக்கு

அந்தக் கேள்விக்குப் போகும் முன் ஒரு கிளைக்கதை. ஜெர்மனியில் பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் காப்புரிமைத் தொகையை வசூலிக்கும் அமைப்பு 'கெமா'. திறந்தவெளி விழாவில் பாட்டுப் போட்டால் பரப்பளவை வைத்துக் கட்டணம். எது பரப்பளவு? பாட்டுக் கேட்கும் மூலை மட்டுமா, மொத்த இடமுமா?

2011இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் முதல் கடையிலிருந்து கடைசிக் கடை வரை, ஒரு பக்க வீட்டுச் சுவரிலிருந்து எதிர்ப்பக்கச் சுவர் வரை எல்லாமே கணக்கு என்றது. கூட்டம் வெறுமனே நடந்துபோகும் இடமும் அதில் அடங்கும். கட்டண பில் எகிறியதாக 2023இல் பல நகரங்கள் முறையிட்டன. சில சந்தைகள் ஒலிபெருக்கியை அணைத்தன அல்லது காப்புரிமைக் காலம் முடிந்த பழைய பாடல்களுக்குத் திரும்பின. யாரும் காசு கொடுக்காமல் நடக்கக்கூடிய தரை, சந்தை வந்ததும் அளந்து விலை போடும் தரையாகிவிடுவதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் ஆவணம் கிடையாது.

## லாரி, கல், இடைவெளி

2016 டிசம்பர் 19 அன்று பெர்லினில் பிரைட்ஷைட்பிளாட்ஸ் சதுக்கத்துச் சந்தைக்குள் ஒரு லாரியை ஓட்டிவந்தான் ஒரு தீவிரவாதி. 12 பேர் இறந்தார்கள். அன்று காயமடைந்த ஒருவர் 2021இல் இறக்க, எண்ணிக்கை 13 ஆனது. அதற்குப் பிறகு பல சந்தைகளைச் சுற்றிக் கான்கிரீட் கட்டைகள் வந்தன.

அந்தக் கட்டைகள் எவ்வளவு தாங்கும்? 2017இல் ஜெர்மன் தொலைக்காட்சிக்காக வாகனச் சோதனை நிறுவனமான டெக்ரா ஒரு சோதனை செய்தது. 10 டன் லாரி, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம், எதிரே 2.4 டன் கட்டை. லாரி நிற்கவில்லை, கட்டை தள்ளப்பட்டுப் பறந்தது. தரையோடு பிணைக்காத கட்டை கூட்டத்துக்குள் பாயும் இன்னொரு ஆயுதமாகலாம் என்று அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. தரையில் ஆழப் புதைத்த எஃகுத் தூண்களும், ஒன்றோடொன்று பூட்டிய தடுப்புகளும் பிறகு பரவின.

ஆனால் எவ்வளவு வலுவான தடுப்பிலும் ஒரு திறப்பு வேண்டும். காரணம் எளிது:

1. தீ பிடித்தால் தீயணைப்பு வண்டி உள்ளே வர வேண்டும். அதற்குக் குறைந்தது 3 மீட்டர் அகலப் பாதை தேவை.
2. சாதாரணக் காரின் அகலம் 2 மீட்டருக்குள்தான்.
3. எனவே தீயணைப்பு வண்டி போகும் வழியில் கார் தாராளமாகப் போகும். அந்த வழியை மூடித் திறக்க நகரும் தடுப்போ காவல் வண்டியோ, அதைக் கவனிக்க ஆளோ எந்நேரமும் இருந்தாக வேண்டும்.

2024 டிசம்பர் 20 அன்று மக்டேபர்க்கில் நடந்தது இந்த மூன்றாவது புள்ளியில் ஏற்பட்ட ஓட்டை. மீட்புப் பணிக்காக விட்டிருந்த இடைவெளி வழியாகக் கார் நுழைந்தது. ஒன்பது வயதுச் சிறுவனும் ஐந்து பெண்களும் இறந்தார்கள். 300க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். கட்டைகள் இருந்தன, பாதுகாப்புத் திட்டமும் இருந்தது. அந்த இடைவெளிக்கு யார் பொறுப்பு என்பதில்தான் காவல்துறை, நகரம், ஏற்பாட்டாளர் என்று விரல்கள் ஒருவரையொருவர் சுட்டின.

## பில் யாருக்கு?

மின்கம்பி அறுந்து விழாமல், கடை சரியாமல், வழுக்காமல் பார்த்துக்கொள்வது ஏற்பாட்டாளர் கடமை. இதில் தகராறு இல்லை. பயங்கரவாதத்தைத் தடுப்பது? அது காவல்துறையின், அதாவது மாநில அரசின் வேலை என்பது ஒரு வாதம். பெர்லினில் சார்லட்டன்பர்க் அரண்மனை முன் நடக்கும் சந்தை தொடர்பான வழக்கில் 2019இல் நிர்வாக நீதிமன்றம் அந்தப் பக்கமே நின்றது. ஆபத்தை உண்டாக்குபவன் தாக்குபவன். சந்தை நடத்துபவர் அல்ல. எனவே தடுப்புச் செலவை அவர்மீது ஏற்ற முடியாது.

தெளிவான வாதம்தான். ஆனால் காவல் சட்டமும் சாலைச் சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபவை. ஒரு நகர நீதிமன்றத்தின் தீர்ப்பு நாடு முழுவதற்கும் விதியாகிவிடாது. நடப்பில் பாதுகாப்புத் திட்டம் கொடுத்தால்தான் நகராட்சி அனுமதி தரும். திட்டத்தில் எழுதியதை நிறைவேற்றக் காசு வேண்டும். நியூரம்பெர்க் போன்ற நகரம் சமாளித்துவிடும். தன்னார்வலர்களும் உள்ளூர்ச் சங்கமும் சேர்ந்து இரண்டு மூன்று நாள் நடத்தும் சிற்றூர்ச் சந்தையின் மொத்த வரவே தடுப்புகளின் வாடகைக்குக் காணாமல் போகலாம். ஓவராட் செய்தியை இந்த இடத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஆபத்து பெரிய சந்தைகளைத் தேடி வந்தது. செலவு சிறிய சந்தைகளை முடக்குகிறது.

சந்தை முடங்கப் பயங்கரவாதம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்றுமில்லை. இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1982இல் தொடங்கிய சந்தைக்கு 2022இல் நான்கு நாட்களில் சுமார் 3,20,000 பேர் வந்தார்கள். ஊரின் மக்கள்தொகையே ஒரு லட்சத்தை ஒட்டித்தான். கோட்டைக்கும் பேராலயத்துக்கும் இடையிலான இடைக்காலத் தெருக்கள் அந்தக் கூட்டத்தைத் தாங்காது என்று 2023 பிப்ரவரியில் நகர மன்றம் சந்தையையே நிறுத்திவிட்டது. கூட்டம் வராமல் சந்தைகள் சாகும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இது கூட்டம் வந்ததால் செத்த சந்தை.

## மீதிப் பதினொரு மாதங்கள்

கடைகளைப் பிரித்து லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்விடுவார்கள். தரையில் புதைத்த எஃகுத் தூண் அங்கேயேதான் இருக்கும். மார்ச்சில் பூ விற்க வரும் வண்டி, ஜூனில் சக்கர நாற்காலியில் வருபவர், அக்டோபரில் பதாகையோடு கூடுபவர்கள் எல்லோரும் டிசம்பருக்காகப் போட்ட தூண்களுக்கு இடையே புகுந்துதான் வர வேண்டும். சில நகரங்கள் பூந்தொட்டி, கல்லிருக்கை, மரம் என்ற உருவத்தில் தடுப்புகளை அமைக்கின்றன. உட்கார இடம் கிடைக்கிறது என்ற வகையில் அது லாபம். தடுப்புக்காக வகுத்த கோட்டில்தான் இருக்கை அமையும், நிழல் விழும் இடத்தில் அமையாது என்ற வகையில் நட்டம்.

ஸ்திராஸ்பூர் இன்னொரு வழியைக் காட்டுகிறது. 1570 முதல் சந்தை நடத்தும் அந்தப் பிரெஞ்சு நகரின் மையம் ஆறு சூழ்ந்த தீவு. 2018இல் சந்தைப் பகுதியில் நடந்த தாக்குதலில் ஐந்து பேர் இறந்தார்கள். சந்தைக் காலத்தில் தீவின் பாலங்களில் சோதனை நடக்கிறது. அங்கே குடியிருப்பவரும் பால் வாங்கப் போனவரும் அதைக் கடந்துதான் வீடு திரும்ப வேண்டும். சதுக்கத்தின் எல்லை வீட்டு வாசல்வரை நீண்டுவிடுகிறது.

பெர்லின் பிரைட்ஷைட்பிளாட்ஸில், குண்டுவீச்சில் சிதைந்த கோபுரத்தோடு நிற்கும் நினைவுத் தேவாலயத்தின் படிக்கட்டில் 17 மீட்டர் நீளத்துக்கு ஒரு பொன்னிற விரிசல் ஓடுகிறது. தாக்குதலுக்கு ஓர் ஆண்டு கழித்து, 2017இல் திறந்த நினைவுச்சின்னம் அது. படிகளின் முகப்பில் இறந்தவர்களின் பெயர்கள். அதைச் சுற்றி வேலி கிடையாது. டிசம்பரில் அதை ஒட்டியே கடைகள் வருகின்றன. கையில் சூடான கோப்பையோடு வருபவர்கள் குனிந்து பெயர்களைப் படிக்கிறார்கள், சிலர் கவனிக்காமல் மிதித்துக் கடக்கிறார்கள்.